கஸ்பார் இழுத்த போல்ட்

கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் தெருவைப் போட்டவர்கள் இரும்பைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசித்திருக்க மாட்டார்கள், ஏனென்றால் தூத்துக்குடியில் அந்தத் தெருவில் கதவுக் கொண்டி, ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், டிரங்குப் பெட்டிப் பூட்டு என்று எதை வாங்கி வைத்தாலும் இரண்டு மழைக்காலத்துக்குள் உப்புக்காற்று அதைத் தன் சொத்தாக்கிக்கொள்ளும், அதன் பிறகு அது மூடினால் திறக்காது, திறந்தால் மூடாது. மனுஷர்களிலும் அப்படி ஆனவர்கள் அங்கே சிலர் உண்டு. தோள் கொடுத்துத் தள்ளியும் காலால் உதைத்தும் திறக்கிறதைத் திறந்து, மீதியை அப்படியே விட்டுவிட்டு எல்லாரும் தங்கள் பாட்டுக்கு வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

தெருவின் கடைசி வீட்டுக்காரர் கஸ்பார். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப்போகும் தோணிகளில் எஞ்சின் டிரைவராக இருந்து, முழங்கால் மக்கர் செய்ததால் கரையேறியவர். கரையேறினால் ஓய்வு என்று யார் சொல்லி அவர் நம்பினாரோ தெரியவில்லை. போன தவக்காலத்தில் ஒரு காலை அவர் மனைவி பிரகாசி மீன் அலசிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள், வலது பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. ஈஸ்டருக்குப் பிறகு கால் திரும்பி வந்தது, கோடையில் பேச்சு திரும்பி வந்தது, அதுவும் பழைய கூர்மை குறையாமல் வந்தது, கை மட்டும் வரவில்லை. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு பிஸ்கெட்டைப் பிடிப்பாள், அவ்வளவுதான்.

வாரம் தவறாமல் கூட்டிவந்து பயிற்சி கொடுத்தால் பிடி திரும்பும், விட்டுவிட்டால் இருப்பதும் போய்விடும் என்று பாளையங்கோட்டை டாக்டர் சொல்லியிருந்தார். கம்பியைப் பிடிக்க முடியாதவளைப் பஸ்ஸில் ஏற்ற கஸ்பாருக்குத் தைரியமில்லை, வாரா வாரம் வாடகைக் கார் பிடிக்க வீட்டில் பணம் காய்க்கிற மரமும் இல்லை, ஆகவே வாசலில் நின்ற பழைய வெள்ளைக் கார்தான் கதி என்று ஆனது. அந்தக் காரும் ஒரு நாள், பிரேக்கை மிதித்ததும், இரும்பு இரும்பைச் சுரண்டுகிற சத்தம் போட்டது.

கஸ்பாருக்கு அந்தச் சத்தம் எரிச்சலைத் தரவில்லை, அழுகையைத்தான் தந்தது. விடிந்ததும் உலை வைத்து, அவளைக் குளிப்பாட்டி, தலை வாரிப் பின்னி, சேலை கட்டிவிட்டு, துணி துவைத்து, மீன்காரியிடம் ஏமாந்து, மத்தியானம் ஊட்டி, சாயங்காலம் கால் பிடித்துவிட்டு உட்காரும்போது, உட்கார்ந்ததே தெரியாத அளவுக்குக் களைத்துப்போயிருக்கிற மனிதர் அவர். இதில் பிரேக் வேறா என்று காரிடமே கேட்டார். பிறகு புதுப் பிரேக் பேடு வாங்கி வந்து, ஜாக்கி போட்டு, முன் டயரைக் கழற்றி, செங்கல் அடுக்கி முட்டுக் கொடுத்து, ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தார்.

பேடுகளைக் கவ்விப் பிடித்திருக்கிற இரும்பைத் தூக்க வேண்டுமானால் ஒரு போல்ட்டைக் கழற்ற வேண்டும். அதன் தலை காரின் வயிற்றுப் பக்கம் பார்த்து இருந்தது. கஸ்பார் வெளியே உட்கார்ந்தபடி கையை இரும்புக்குப் பின்னால் விட்டு, தடவிப் பார்த்து ஸ்பானரை மாட்டி, தோணியில் ஆயுள் முழுதும் எந்தப் பக்கம் இழுத்து போல்ட்டுகளைக் கழற்றினாரோ அந்தப் பக்கமே இழுத்தார். அது அசையவில்லை. சுத்தியலால் தட்டினார், சுடுதண்ணீர் ஊற்றினார், ஸ்பானரின் வாலில் ஒரு நீளக் குழாயைச் செருகி, மாதாவே என்று மொத்த உடம்பையும் கொடுத்து இழுத்தார்.

போல்ட் அசையவில்லை. எதிர் வீட்டில், பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஆவுடையம்மாவின் டிரங்குப் பெட்டி, கல்யாணச் சீராக வந்து துருப்பிடித்து மூடிக்கொண்ட பெட்டி, தானாகத் திறந்து மூடி பின்னால் விழுந்தது. துருவேறி அடைத்துக் கிடந்த தெருக் குழாயில் தண்ணீர் கொட்டியது. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற ஞானதுரை சார், வாரக் கணக்கில் காத்திருந்த ஒன்று கைகூடப் போவதை உணர்ந்து செய்தித்தாளைப் போட்டுவிட்டுக் கொல்லைக்கு ஓடினார். ஆவுடையம்மாவின் தம்பி மாடசாமி, ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்துகொண்டு, ஒரு நடைபாதைத் தகராறில் அக்காவோடு பேச்சை நிறுத்திப் பல வருஷம் ஆனவன், வாயைத் திறந்து, "யக்கா, கருவாடு தீயுது" என்றான். ஆவுடையம்மா போய் அடுப்பை அணைத்தாள்.

யாரும் வாயைப் பிளக்கவில்லை. கடல் ஊரில் எது எதுவோ அடித்துக்கொண்டு வந்து ஒதுங்கும், யார் அனுப்பியது என்று கேட்டுக்கொண்டிருந்தால் வேலை நடக்காது. சாயங்காலத்துக்குள் ஞானதுரை சார் நேரங்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்து, கஸ்பார் இழுக்கும்போதெல்லாம் போல்ட் மட்டும் நிற்கிறது, தெருவில் இறுகிக் கிடப்பதெல்லாம் தளர்கிறது என்று சொன்னார். மறுநாள் காலை கஸ்பார் வாசலைத் திறந்தபோது, ஊறுகாய் ஜாடியோடும் பூட்டோடும் வீங்கிய விரலில் மாட்டிய மோதிரத்தோடும் வாசலில் ஆட்கள் நின்றார்கள்.

"ஒரே ஒரு இழுப்பு அண்ணாச்சி, உங்களுக்கு என்ன கொறஞ்சிரப் போவுது" என்றார்கள்.

அவருக்கும் அந்தப் போல்ட்டை எப்படியும் இழுத்தாக வேண்டும் என்பதால் இழுத்தார். ஜாடி திறந்தது, பூட்டு திறந்தது, மோதிரம் வழுக்கிக் கீழே விழுந்தது. கூடவே சுற்று வட்டாரத்தில் கட்டியிருந்த அத்தனை ஆடும் அவிழ்ந்து ஓடியது, கொடிக் கயிறு அறுந்தது போல விழுந்து துணியெல்லாம் மண்ணானது, டீக்கடையில் நின்ற மூன்று பேருக்கு வேஷ்டி நழுவியது. அன்றோடு தெருவில் ஒரு வழக்கம் உண்டானது. கஸ்பார் ஸ்பானரை எடுத்தால், பல வருஷப் பேச்சை மொத்தமாகப் பேசித் தீர்க்க வேண்டியிருந்த மாடசாமி தெருமுனையிலிருந்து கூவிக்கொண்டே வருவான்.

"அண்ணாச்சி இழுக்கப் போறாவ. அவனவன் இடுப்பைப் பிடிச்சுக்கிடுங்க. பொம்பளையள் ஊக்கு மாட்டிக்கிடுங்க. தொட்டில்ல பிள்ளை கெடந்தா எடுத்துருங்க."

ஆண்கள் வேஷ்டியைப் பிடித்தபடி, பெண்கள் கொண்டையைப் பிடித்தபடி, அப்படியே ஒரு கணம் தெரு முழுதும் நிற்கும், கஸ்பார் இழுப்பார், பிறகு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். வெளியூரிலிருந்து வந்த மாப்பிள்ளைமார் மட்டும் விஷயம் தெரியாமல் மானம் போய் நின்றார்கள். வலியெடுத்தும் பிள்ளை வராமல் கிடந்த அந்தத் தெருப் பெண் மெர்லினுக்காக ஆஸ்பத்திரி வாசலில் இருந்து போன் வந்தது, கஸ்பார் இழுத்தார், பெண் பிள்ளை பிறந்தது. தட்டிக்கொண்டே போன சம்பந்தங்கள் கூடி வந்தன, நெஞ்சுச் சளி கரைந்தது, வலையில் விழுந்த சிக்கல் அவிழ்ந்தது. பாவசங்கீர்த்தனத்துக்கு வருகிறவர்கள் இப்போது தேவைக்கு மேலேயே சொல்லிவிடுகிறார்கள் என்று பங்குச்சாமியார் குறைப்பட்டுக்கொண்டாலும், நிறுத்தச் சொல்லி அவரும் சொல்லவில்லை.

கஸ்பாரின் போல்ட் மட்டும் அப்படியே இருந்தது. அது கழன்றுவிட்டால் இந்தச் சௌகரியம் போய்விடுமே என்ற பயம் யாரும் பேசிவைக்காமலே தெருவுக்குள் வந்துவிட்டது. துருவை இளக்க அவர் மண்ணெண்ணெய் கேட்டால் பாட்டிலில் கடல்தண்ணீர் வந்தது. நெருப்புக் காட்டினால் இளகும் என்று அவரே தீ ஊதுகிற ஒரு பழைய டார்ச்சைத் தேடிப்பிடித்தபோது, அதற்குத் தெருவில் யாரிடமும் எரிபொருள் இல்லாமல் போனது. முக்கில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் பட்டுராஜனை அவர் காலைப் பிடிக்காத குறையாகக் கூட்டி வந்தார். பட்டுராஜன் குனிந்து, ஸ்பானர் நிற்கிற விதத்தைப் பார்த்தான், கஸ்பாரைப் பார்த்தான், கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான்.

"இதுல நான் கை வச்சா சரிவராது அண்ணாச்சி. உங்க கைராசி. நீங்களே இப்படியே இழுங்க, ஒரு நாள் வந்துரும்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தான். அவனுடைய பட்டறையில் வருஷக் கணக்காகத் துருவேறிக் கிடந்த நட்டுகளெல்லாம் இப்போது விரலால் திருகினாலே வந்துகொண்டிருந்தன.

காலையில் ஆவுடையம்மா காப்பி கொடுத்து அனுப்புவாள், மத்தியானம் யாராவது குழம்பு கொண்டுவந்து வைப்பார்கள், சாயங்காலம் முதுகுக்குத் தைலம் வரும். ஊர் மொத்தமும் அவரைத் தாங்குதாங்கு என்று தாங்கியது, ஆனால் ஒரு நாள்கூட இழுக்காமல் விடவில்லை. தோளிலிருந்து முழங்கைவரை ஒரு வலி குடியேறியது. இல்லை என்று சொல்லத் தெரியாமல் வளர்ந்தவர், அதுவும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்று தெரியாமல், இழுத்துக்கொண்டே இருந்தார். பாளையங்கோட்டைக்குப் போகிற நாள் வந்து வந்து போனது.

அவர் வீட்டுக்குள் மட்டும் எது தளர்ந்தும் நல்லது ஒன்றும் நடக்கவில்லை. நிலைக்கதவின் கீல் ஆடியது, குக்கர் கைப்பிடி கழன்று சோறு கொட்டியது, பிரகாசியின் கம்மல் நாளுக்கு நாள் விழுந்துகொண்டே இருந்தது. போன மாதம்வரை பிஸ்கெட் பிடித்த விரலில் இப்போது பிஸ்கெட் நிற்கவில்லை. பயிற்சிக்குப் போகாததால்தான் என்று கஸ்பார் நினைத்தார், அவளும் அப்படியே நினைத்தாள். மடியில் கிடந்த கையை அவள் இடது கையால் எடுத்து நாற்காலிக் கைமேல் வைப்பாள், அது வழிந்து மறுபடி மடிக்கே வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குக் கிளம்புகிற அவசரத்தில், அவர் அவள் முன்னால் மண்டிபோட்டு, கம்மலைக் காதில் விட்டு, காதுக்குப் பின்னால் விரலைக் கொண்டுபோய்த் திருகாணியை இறுக்கினார். கம்மல் கழன்று மடியில் விழுந்தது. மறுபடி மாட்டினார், மறுபடி விழுந்தது. பிரகாசி பொறுத்துப் பார்த்தாள்.

"ஏங்க, நீங்க இறுக்கல, கழத்துதிய. திருகு இருக்கது பின்னாடி, நீங்க நிக்கது முன்னாடி. முன்னால நின்னு பின்பக்கத்துத் திருகைத் திருப்புனா எல்லாம் மாறித்தான் வரும். கல்யாணமான நாள்ல இருந்து சொல்லுதேன், உங்க மண்டையில ஏறல."

கஸ்பார் கம்மலை அவள் வலது உள்ளங்கையில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். போல்ட்டின் தலையும் பின்னால்தான் இருந்தது. அவரும் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். கழற்றுகிறேன் கழற்றுகிறேன் என்று இத்தனை நாளும் அவர் அதை இறுக்கிக்கொண்டே வந்திருக்கிறார், அதை இறுக்க இறுக்க மற்றதெல்லாம் தளர்ந்திருக்கிறது, ஆட்டுக் கயிறு தளர்ந்தது, மாடசாமி நாக்கு தளர்ந்தது, கதவுக் கீல் தளர்ந்தது, இவள் கையும் தளர்ந்தது. ஊருக்கெல்லாம் திறந்துவிட்ட கையால் வீட்டில் மிச்சமிருந்த ஒரு சொட்டுப் பிடியையும் தானே பிடுங்கி எறிந்துவிட்டோம் என்று அவருக்குப் புரிந்தது.

"உன் கையை நாந்தான் பிரகாசி," என்றார். "இழுத்து இழுத்து நாந்தான் இப்படி ஆக்கிட்டேன்."

விவரத்தைச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், முகம் ஒரு தரம் கோணியது, பிறகு சரியானது.

"சரி, போய் மாத்தித் திருப்புங்க. அழுறதுக்குப் பெறவு நேரம் இருக்கு."

"தெருவுல எல்லாம் மூடிக்கிடும். மாடசாமி பேச்சு நின்னுரும்."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். எதிர் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாடசாமி அக்காவுக்கு எதையோ நீளமாக விளக்கிக்கொண்டிருந்தது கேட்டது. "எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு," என்றாள். "ஆனா எனக்குக் கை வேணும்."

பிரகாசி எதையும் வேணும் என்று கேட்கிற ஆள் இல்லை. கஸ்பார் எழுந்து போனார்.

யாருக்கும் சொல்லாமல் ஸ்பானரை மாட்டினார். இத்தனை நாள் தன் பலம் முழுதும் போட்டு இறுக்கிய போல்ட், இப்போது அவர் பலத்துக்கு அசைய மறுத்தது. குழாயைச் செருகி மறுபக்கம் சாய்ந்து தள்ளிக்கொண்டிருந்தபோது பட்டுராஜன் கோயிலுக்குப் போகிற வழியில் பார்த்துவிட்டு வந்து நின்றான், முகம் வெளுத்திருந்தது.

"அண்ணாச்சி, அந்தப் பக்கம் திருப்பாதிய."

"அப்ப உனக்குத் தெரியும்."

"மொத நாளே தெரியும்," என்றான் பட்டுராஜன். "பட்டறையில வேலை லேசா நடந்துச்சு. நாளைக்குச் சொல்லிருவோம், நாளைக்குச் சொல்லிருவோம்னே போயிட்டு."

திட்டலாம் என்று கஸ்பாருக்குத் தோன்றியது. திட்டுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே, அது இல்லை. "பிரகாசி கை சுத்தமா போச்சுடா. வந்து குழாயைப் பிடி" என்று மட்டும் சொன்னார்.

பட்டுராஜன் நல்ல சட்டையோடு மண்ணில் முழங்காலிட்டுக் குழாயைப் பிடித்தான். இரண்டு பேரும் சேர்ந்து தள்ளினார்கள். எலும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது, போல்ட் இளகித் திரும்பியது.

தெரு முழுதும் கதவுகள் இறுகின. திறந்து கிடந்த டிரங்குப் பெட்டி மூடிக்கொண்டது, குழாயில் தண்ணீர் நின்றது, ஞானதுரை சார் கொல்லையிலிருந்து வருத்தத்தோடு வெளியே வந்தார், சுவருக்கு அந்தப் பக்கம் "அதுக்கு நான் என்ன சொன்னேன்னா யக்கா" என்று ஆரம்பித்த குரல் பாதியில் அறுந்து, பிறகு வரவே இல்லை.

"ஏங்க" என்று பிரகாசி உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

அவர் ஓடினார், அந்த முழங்காலோடு ஓடினார். அவளுடைய வலது கை மூடியிருந்தது. கம்மல் உள்ளே இருந்தது, கல் குத்துகிறது என்றாள், ஆனால் திறந்துவிடச் சொல்லவில்லை. அவர் தன் ஆள்காட்டி விரலை அந்த முஷ்டிக்குள் மெல்ல நுழைத்தார். அவள் பிடித்தாள். வலிக்கிற அளவுக்குப் பிடித்தாள்.

மத்தியானத்துக்குள் போல்ட் முழுதாக வெளியே வந்துவிட்டது, புதுப் பேடுகளும் உட்கார்ந்துவிட்டன. திரும்ப மாட்டப் போனபோதுதான் அவருக்கு உறைத்தது. போல்ட்டை வெறும் விரலால் ஒரு சுற்றுச் சுற்றினார், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பிரகாசியின் வலது கையிலிருந்த தம்ளர் நழுவியது. உடனே கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கார் ஓட வேண்டுமானால் அந்தப் போல்ட் இறுகியிருக்க வேண்டும், அது இறுகினால் இவள் கை போய்விடும், வேறு போல்ட் வாங்கிப் போட்டுப் பார்க்கவும் அவருக்குத் துணிச்சல் வரவில்லை. கஸ்பார் காரின் மேல் தார்ப்பாயை இழுத்து மூடினார்.

சாயங்காலம் தெரு திரண்டு வந்தது. ஜன்னல் வழியாக ஏறிக் குதித்து வந்தவர்களும் உண்டு, கதவு திறக்கவில்லை என்றார்கள். ஒரு அரைச் சுற்று, அதுகூட வேண்டாம், கால் சுற்று இறுக்கிவைத்தால் எல்லாருக்கும் பொதுவாகப் போகுமே என்று ஞானதுரை சார் நியாயம் பேசினார். ஆவுடையம்மா முன்னால் வந்து நின்றாள், அழுது கண் வீங்கியிருந்தது.

"அவன் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருந்தான் அண்ணாச்சி," என்றாள். "எதுத்தாப்புல உக்காந்து வாயை வாயை அசைக்கான். சத்தம் வரல. அவனும் அழுதான்."

கஸ்பார் சட்டைப் பைமேல் கையை வைத்துக்கொண்டார். தன்னால் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தார், பழக்கமில்லாத வார்த்தை என்பதால் உடனே வரவில்லை. ஆவுடையம்மா அவரைப் பார்க்காமல் அவருக்குப் பின்னால் பார்த்தாள். அங்கே பிரகாசி, வலது கையால் வெங்காயத்தைப் பிடித்துக்கொண்டு இடது கையால் மெதுவாக, கோணல்மாணலாக, நாக்கைக் கடித்துக்கொண்டு நறுக்கிக்கொண்டிருந்தாள். ஆவுடையம்மா நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வாங்க போவோம்," என்றாள் எல்லாரையும் பார்த்து. "இனி யாரும் இந்த வாசல்ல வந்து கேக்காதிய." தன் வீட்டுச் சுவருக்குப் போய், அந்தப் பக்கம் இருக்கிறவனுக்குக் கேட்கும்படி, அவன் பதில் சொல்வான் என்கிற எந்த நம்பிக்கையும் இல்லாமல், இன்றைக்கு என்ன குழம்பு என்று சொல்லத் தொடங்கினாள்.

மறுவாரம் கஸ்பாரும் பிரகாசியும் பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினார்கள். ஜன்னலோரம் அவள், பக்கத்தில் அவர். பஸ் உப்பளங்களைத் தாண்டுவதற்குள் அவர் ஐந்தாறு தரம் எட்டி, அவள் விழாமலிருக்க முன்னால் கையைக் குறுக்கே நீட்டிவிட்டார், தோள் விண்விண் என்று தெறித்தது. அவள் அந்தக் கையை எடுத்து அவர் மடியிலேயே வைத்தாள். முன் சீட்டின் கம்பியை வலது கையால் பிடித்துக்கொண்டாள், விரல் ஒவ்வொன்றாக மடங்கி இறுகுவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நான் பிடிச்சிருக்கேன்," என்றாள். "நீங்க கொஞ்ச நேரம் தூங்குங்க."

கஸ்பார் அவள் தோளில் தலையைச் சாய்த்தார். எத்தனை மாதத்துக்கு அப்புறமோ, நடுவில் எழுந்து பார்க்க வேண்டியது ஒன்றும் இல்லாமல், தூங்கிப்போனார்.